விளிம்பு சொல்லும் மஞ்சள்

பழைய லென்ஸ் ஃபில்டர் ஒன்றைக் கையில் கொடுத்தால் யாரும் முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். கீறல் உண்டா, பூஞ்சை உண்டா என்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் சுவை இருப்பது விளிம்பில். அந்த ஒல்லியான உலோக வளையத்தில் கண்ணைச் சுருக்கிப் படிக்கிற அளவில் நாலைந்து எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எந்த நாட்டுச் சரக்கு, எந்த லென்ஸுக்காகப் பிறந்தது, எவ்வளவு வெளிச்சத்தைத் தின்னும் என்பதையெல்லாம் அதிலேயே படித்துவிடலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால், அதைச் செய்தவர் தன் வாடிக்கையாளரை யாரென்று நினைத்திருந்தார் என்பதையும் படிக்கலாம். நான் விளிம்புகளை வாசிப்பது இந்தக் கடைசி விஷயத்துக்காக.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு-வெள்ளைக்காரர்களின் பையில் கட்டாயம் இருந்த நிறம் அதுதான். காரணம் ஃபிலிமின் பிறவிக் குணம். சாயம் சேர்க்காத வெள்ளி உப்புக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே தெரியும். சாயம் சேர்த்துத்தான் அதற்குப் பச்சையைக் காட்டினார்கள், பிறகு சிவப்பையும் காட்டினார்கள். எல்லா நிறமும் தெரிந்த பான்குரோமாட்டிக் ஃபிலிம் வந்த பிறகும் அந்தப் பழைய நீலப் பற்று முழுக்கப் போகவில்லை. அதனால் நம் கண்ணுக்கு ஆழ்ந்த நீலமாகத் தெரியும் வானம் படத்தில் வெள்ளைத்தாளாகிவிடும். அதில் மிதந்த மேகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நடுவே ஒரு மஞ்சள் கண்ணாடியை வைத்தால் நீலத்தில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்கிறது. வானம் ஒரு படி இறங்க, மேகம் மேலே வருகிறது. சிவப்பு ஃபில்டரும் இதையே செய்யும், ஆனால் வானத்தைக் கறுப்பாக்கி நாடகம் போட்டுவிடும். மஞ்சளிடம் அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: அக்கினி நட்சத்திர நாளின் வெளுத்த வானத்தில் எந்த மஞ்சளும் ஒன்றும் செய்யாது, பிடித்துவைக்க அங்கே நீலமே இல்லை. மழை ஓய்ந்த ஐப்பசிக் காலையில் போட்டுப் பாருங்கள்.

இந்த ஒரே மஞ்சள் அமெரிக்க வளையத்தில் 'கே2' என்ற பெயரில் இருக்கும். பெயரின் வேர் அமெரிக்காவில் இல்லை, இங்கிலாந்தின் கிராய்டனில் இருக்கிறது. ஃபிரெடரிக் ராட்டனின் 'ராட்டன் அண்ட் வெயின்ரைட்' நிறுவனத்தில் 1906இல் கென்னத் மீஸ் என்ற இளம் வேதியியலாளர் சேர்ந்தார். ஒளித்தகடுகளோடு சேர்த்து ஃபில்டர்களையும் அங்கே ஒழுங்குபடுத்தி வளர்த்தார்கள். ஜார்ஜ் ஈஸ்ட்மன் மீஸைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தபோது, நிறுவனத்தையும் சேர்த்து வாங்கினால் வருகிறேன் என்றார் மீஸ். 1912இல் கோடக் அப்படியே வாங்கியது. ஆள் ராச்செஸ்டருக்குப் போனார், ராட்டன் என்ற பெயரும் கூடவே போய் ஃபில்டர் உலகின் பொதுப்பெயர் ஆகிவிட்டது. அந்தப் பழைய எழுத்துகளில் ஏ சிவப்பு, பி பச்சை, சி5 நீலம். மூன்று நிறமாகப் பிரித்துப் பதிக்கும் அச்சுவேலைக்காரருக்கு அது வசதியான வரிசை. கே2 மஞ்சள், ஜி அடர்மஞ்சள், எஃப் ஆழ்சிவப்பு. பிற்பாடு எழுத்துகளை எடுத்துவிட்டு எண்களைப் போட்டார்கள். கே2 என்பது 8 ஆனது, ஜி 15 ஆனது, ஏ 25 ஆனது. இடைக்காலத்து வளையங்களில் இரண்டும் சேர்ந்தே நிற்கும், 'கே2' என்று எழுதிப் பக்கத்தில் 8 என்று. வீடு மாறியவர் பழைய முகவரியையும் சேர்த்துத் தருவதுபோல.

எழுத்தானாலும் எண்ணானாலும் ராட்டன் முறையில் ஒரு பிடிவாதம் உண்டு. அது வெறும் அடையாளம்தான், விளக்கம் அல்ல. 8 என்றால் எட்டு மடங்கும் இல்லை, எட்டாம் தரமும் இல்லை. 25 எண் சிவப்புக்கு வெளிச்சம் எட்டு மடங்கு கூட்ட வேண்டும், 8 எண் மஞ்சளுக்கோ பகலில் இரண்டு மடங்கு போதும். கையேடு தெரிந்தவருக்கு மட்டுமே புரியும் பாஷை. வாடிக்கையாளர் கையேட்டைப் படிப்பவர் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

ஜெர்மனிக்காரர்கள் வேறு மாதிரி. லைக்காவைச் செய்த லைட்ஸ் தன் மஞ்சளை 0, 1, 2 என்று அடர்த்தி வரிசையில் நிறுத்தியது. லைக்காவை வைத்திருப்பவருக்கு வானத்தை எவ்வளவு இறக்குவது என்ற ரசனை இருக்கும் என்ற மரியாதை அது. எல்மார் லென்ஸுக்கான ஃபில்டரில் 'ஏ36' என்று இருக்கும். மரை கிடையாது. 36 மில்லிமீட்டர் விளிம்பின் மேல் அழுத்திச் செருகுவது. பிற்பாடு வந்த 'இ39' திருகு மரை. எல்மாரில் துளையை மாற்றும் குட்டி முனை லென்ஸின் முகத்திலேயே இருக்கிறது. ஃபில்டரை மாட்டினால் அது மூடிக்கொள்ளும். ஆகவே முதலில் துளை, பிறகுதான் ஃபில்டர். அவசரக்காரருக்கு எரிச்சல் தரும் ஒழுங்கு. எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் படம் எடுப்பதற்கு முன் ஒரு தீர்மானத்துக்கு வந்தாக வேண்டும்.

ஹாசல்பிளாடின் வளையம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலில் 50 என்ற பயோனெட் அளவு, அடுத்து இரண்டு மடங்கு என்ற பெருக்கல், அதன்பின் மஞ்சளைக் குறிக்கும் ஒற்றை எழுத்து, கடைசியில் மைனஸ் 1. பெருக்கலும் கழித்தலும் ஒரே வரியில். ஷட்டரோடு நேரே கணக்குப் போடுபவர் இரண்டு மடங்கு என்று படித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து லென்ஸ்களில் வேகத்தையும் துளையையும் ஒன்றாகப் பூட்டும் வெளிச்ச மதிப்பு வளையம் இருந்தது. அதைப் பயன்படுத்துபவர் ஒன்றைக் கழித்தால் போதும். விரல்நக அகலத்தில் இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே, அதுதான் நயம்.

சோவியத் வளையங்கள் எளிமையில் மனத்தைக் கவர்பவை. சிறிய பிளாஸ்டிக் டப்பியைத் திறந்தால் ஆறு கால் பரப்பிய ரஷ்ய எழுத்து ஒன்று, மஞ்சள் என்ற ரஷ்யச் சொல்லின் முதலெழுத்து. அடுத்து 1,4 அல்லது 2 மடங்கு என்று வெளிச்சக் கணக்கு. அதற்கடுத்து 40,5×0,5. தசமப் புள்ளிக்குப் பதில் கால்புள்ளி. கடைசியில் உள்ள 0,5 மரையின் இடைவெளி, அரை மில்லிமீட்டர். விட்டத்தோடு மரை இடைவெளியையும் பொறிக்கும் அக்கறை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. விட்டம் பொருந்தியும் முதல் சுற்றுக்குமேல் ஏறாத ஃபில்டரோடு போராடியவர்களுக்கு அந்த 0,5இன் அருமை தெரியும். படமெடுப்பவர் மட்டும் என்றில்லாமல், பட்டறையில் நிற்பவரும் இதைப் படிப்பார் என்று நினைத்த கை அது.

சில சோவியத் மஞ்சள்களில் நிறத்துக்குப் பதில் கண்ணாடியின் பட்டியல் பெயரே இருக்கும். 'மஞ்சள் கண்ணாடி' என்ற இரண்டு ரஷ்யச் சொற்களின் முதலெழுத்துகள், பிறகு 12 அல்லது 17. ஜெர்மனியின் ஷாட் நிறுவனமும் இதே இலக்கணத்தில்தான் தன் கண்ணாடிகளுக்குப் பெயர் வைத்தது: மஞ்சளுக்கு ஜிஜி, ஆரஞ்சுக்கு ஓஜி, சிவப்புக்கு ஆர்ஜி. பின்னாளில் அந்த எழுத்துகளுக்கு அடுத்து மூன்று இலக்க எண் ஒன்று வந்தது, 475, 495, 530, 610 என்று. அது எந்த அலைநீளத்தில் கண்ணாடி கதவைத் திறக்கத் தொடங்குகிறது என்பதை நானோமீட்டரில் சொல்வது. 495 என்றால் அதற்குக் கீழே நீலத்துக்கு அனுமதி இல்லை, மேலே பச்சையிலிருந்து சிவப்பு வரை தடை இல்லை.

இந்த இயற்பியலாளர் பாஷையைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தது ஜப்பான். நிக்கான் மஞ்சளை ஒய்44, ஒய்48, ஒய்52 என்று பொறித்தது. ஆரஞ்சு ஓ56, சிவப்பு ஆர்60, புற ஊதாவைத் தடுப்பது எல்39. எண்ணைப் பத்தால் பெருக்கினால் அலைநீளம்: 440, 480, 520, 560, 600, 390. ஹோயாவின் அகச்சிவப்பு ஃபில்டர் ஆர்72 என்றால் 720. எனக்கு இந்த முறைதான் எல்லாவற்றிலும் அழகு. கையேடு வேண்டாம், கற்பனைத் தரவரிசை வேண்டாம். வானவில்லில் எந்த இடத்தில் கத்தி விழுகிறது என்பதை வளையமே சொல்லிவிடுகிறது. ஒய்48ஐயும் ஒய்52ஐயும் வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். முதலாவது எலுமிச்சை பக்கம், இரண்டாவதில் லேசாகப் பொன் ஏறியிருக்கும். நடுவே இருப்பது நாற்பது நானோமீட்டர்.

இதே ஜப்பானில்தான் அசாஹி பென்டாக்ஸ் நேர் எதிர்ப் பக்கம் போய் நின்றது. வண்ண ஸ்லைடு ஃபிலிமுக்கான இரண்டு ஃபில்டர்களில் ஒன்றில் 'கிளவுடி', மற்றதில் 'மார்ன் அண்ட் ஈவ்' என்று பொறித்திருக்கிறார்கள். எண் இல்லை, கெல்வின் இல்லை, வானிலைதான். மேகம் மூடிய நாளின் வெளிச்சம் நீலம் தட்டும், அதற்கு வெளிறிய தேன்நிறக் கண்ணாடி. காலையும் மாலையும் வெளிச்சம் சிவக்கும், அதற்கு வெளிறிய நீலம். காரியமாகப் பார்த்தால் கோடக்கின் 81, 82 வரிசைகள் செய்யும் அதே வேலை. ஆனால் ஒரு பொழுதின் பெயரை அலுமினிய வளையத்தில் பொறித்துக் கறுப்பில் வெள்ளை நிரப்பி விற்றிருக்கிறார்களே, அந்தத் துணிச்சலை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தியின் சிவப்பைத் திருத்தி நடுப்பகலாக்கும் ஆசை யாருக்கு வந்ததென்றுதான் விளங்கவில்லை. நான் என்றால் அந்த நேரத்தில் அதைப் பையிலேயே வைத்துவிடுவேன்.

இவற்றில் 2 என்ற எண் படும் பாட்டையும் பார்த்துவிட வேண்டும். கோடக்கின் கே2 பெயர். லைட்ஸின் 2 அடர்த்தித் தரம். ரஷ்ய 2 மடங்கு. பென்டாக்ஸ் 'ஒய்2' என்றால் தரவரிசை. மூன்று நாட்டு ஃபில்டர்களை ஒரே டப்பாவில் போட்டுவைத்திருப்பவர் எண்ணை மட்டும் நம்பி வெளிச்சத்தைக் கூட்டினால் ஒரு சுருள் முழுக்கத் தப்பாகப் போகும். உள்மீட்டர் உள்ள கேமராவாயிற்றே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. பழைய காட்மியம் சல்ஃபைடு மீட்டர்களுக்குச் சிவப்பில் கண் கூர்மை. சிவப்பு ஃபில்டர் போட்டால் இருக்கும் வெளிச்சத்தைவிட அதிகம் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும், படம் இருண்டுபோகும். அங்கே நம்ப வேண்டியது வளையத்தின் எண்ணைத்தான்.

வளையத்தில் ஒன்றுமே எழுதாத அநாமதேயங்களும் உண்டு. அவற்றுக்குக் கண்ணாடியே சாட்சி. குழல்விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் நான்கு சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், பிம்பம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். ஒற்றைப் பூச்சு இருந்தால் ஊதாவோ பழுப்போ தட்டி மங்கும். முன்முகத்திலும் பின்முகத்திலும் விழும் இரண்டு பிம்பங்களையும் கவனித்தபடி வளையத்தை மெல்லச் சுழற்றினால் இன்னொன்றும் தெரியும். இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகி ஆடினால் முகங்கள் இணையாக இல்லை, அது படத்தின் கூர்மையைத் தின்னும். கண்ணாடி ஒற்றைத் துண்டா, நிறமேற்றிய ஜெலட்டினை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பால்சம் வைத்து ஒட்டியதா என்பதையும் ஓரத்தில் பார்க்கலாம். ஒட்டியது வயதானால் விளிம்பிலிருந்து பிரியத் தொடங்கும், வானவில் தீற்றல்களோ இலை நரம்புபோன்ற கோடுகளோ உள்நோக்கிப் படரும். அப்படியிருந்தால் தண்ணீர் கூடாது, வெயிலும் கூடாது, நடுப்பகுதி தெளிவாக இருக்கும்வரை உழைக்கும்.

நிறமே இல்லாத வெள்ளைக் கண்ணாடி என்றால் குழப்பம் கூடும். புற ஊதாத் தடுப்பா, ஸ்கைலைட்டா, வெறும் கண்ணாடியா? ஸ்கைலைட்டை வெள்ளைத்தாள் காட்டிக் கொடுத்துவிடும், மிக மெல்லிய ரோஜா ஏறியிருக்கும். மற்ற இரண்டையும் பிரிக்க ஒரு ரூபாய் நோட்டும் புற ஊதா டார்ச்சும் போதும். நோட்டின் எண்களும் உள்ளே தூவிய இழைகளும் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். நடுவே ஃபில்டரை நீட்டினால் ஒளிர்வு அணைகிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். எல்39 போன்ற நல்ல ஃபில்டரே அதில் பாதிக்கு மேல் விட்டுவிடும், பாவம் அதைப் போலி என்று முடிவு கட்டிவிடுவோம். 365 நானோமீட்டர் டார்ச்சாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அடையாளம் தெரிந்த பிறகு மாட்டுவது. லென்ஸ்களின் வாய் அளவுகளில் முன்னோர்கள் யாரும் யாரோடும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கு 43.5, பழைய கேனன் திருகு லென்ஸ்கள் சிலவற்றுக்கு 40, ரோலை 35க்கு 24. பொது வழி ஸ்டெப்-அப் வளையம்: சிறிய வாயிலிருந்து பெரிய ஃபில்டருக்கு ஏறுவது. தலைகீழாக இறங்கினால் படத்தின் மூலைகள் இருளும், அகலக்கோண லென்ஸில் அது உடனே தெரிந்துவிடும். வளையம் எந்த உலோகம் என்றும் பார்க்க வேண்டும். அலுமினியத்தின் மேல் அலுமினியம் சிக்கிக்கொண்டால் பிரிக்கப் பெரும்பாடு. பி பிளஸ் டபிள்யூவும் ஹெலியோபானும் பித்தளையில் செய்தது அதனால்தான். சிக்கியதை விரல்களால் இறுக்கிப் பிடித்துத் திருகுவார்கள். வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். ரப்பர் பாயின் மேல் கவிழ்த்து, உள்ளங்கையால் சமமாக அழுத்தித் திருப்பினால் கழன்றுவரும்.

ஸ்டெப்-அப் எல்லா இடத்திலும் செல்லாது. நம்மூர் ஸ்டூடியோக்களில் உழைத்த யாஷிகா மேட்டுக்கும் 3.5 டெஸ்ஸார் போட்ட ரோலைஃபிளெக்ஸுக்கும் வாய் ஒன்றே, பயோனெட் 1. அதில் வளையம் போட்டுப் பெரிய ஃபில்டரை மாட்டினால் மேலே இருக்கும் பார்வை லென்ஸின் அடிப்பகுதியை அது மறைத்துவிடும். அசல் பயோனெட் ஃபில்டரைத் தேடி அலைவதில் நியாயம் உண்டு. அதிலும் ரோலையின் போலரைசரைப் பார்த்துவிட வேண்டும். இரட்டை லென்ஸ் கேமராவில் படம் எடுக்கும் லென்ஸ் வழியே நாம் பார்ப்பதில்லையே, போலரைசரைச் சுழற்றி எப்படிச் சரிபார்ப்பது? இரண்டு லென்ஸுக்கும் ஒரே பயோனெட் என்பதால் முதலில் மேல் லென்ஸில் மாட்டிச் சுழற்றிப் பார்க்கலாம், விளிம்பில் எண்கள் பொறித்திருக்கும். நீரின் பளபளப்பு அடங்கும் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கழற்றிக் கீழே மாட்டி, அதே எண்ணில் நிறுத்த வேண்டும். லைட்ஸ் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டது. போலரைசரைக் கீல் போட்டு மேலே மடித்து வ்யூஃபைண்டர் முன்னால் நிறுத்திப் பார்த்துவிட்டு, பிறகு லென்ஸின் மேல் இறக்குவது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் ரோலைக்குத்தான் கை தூக்குவேன். அசையும் உறுப்பு ஒன்றும் இல்லாமல் வெறும் எண்ணால் தீர்த்துவிட்டார்கள்.

பொருத்தும் கலையின் உச்சம் என்று நான் நினைப்பது சீரிஸ் ஃபில்டர். ரோமன் எண்ணில் 5, 6, 7, 8, 9 என்று போட்டிருக்கும். சந்தையில் இதைக் காண்பவர் மரை தேய்ந்துபோன குப்பை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம், ஏனென்றால் மரையே இல்லாத வழவழப்பான வட்டு இது. தனியே எந்த லென்ஸிலும் நிற்காது. லென்ஸின் வாய்க்கு ஏற்ற ஓர் அடாப்டர் வளையம், திருகுவதோ செருகுவதோ, முதலில் ஏறும். அதற்குள் வட்டை வைத்து மேலே இன்னொரு வளையத்தைத் திருகிச் சிறைப்படுத்துவார்கள். கோடக்கும் டிஃபனும் எட்னலைட்டும் எல்லோரும் இதே அளவில் செய்தார்கள். மில்லிமீட்டரில் அளந்தால் 41.3, 50.8, 63.5 என்று வினோதமாக வரும். அங்குலத்தில் படித்தால் விடுகதை அவிழும்: சீரிஸ் 6 ஒன்றும் எட்டில் ஐந்து பங்கும், 7 சரியாக இரண்டு, 8 இரண்டரை. லென்ஸ் மாறினால் மலிவான வளையம் ஒன்றை மாற்றிக்கொண்டால் போதும், விலை கூடிய கண்ணாடி ஆளோடேயே இருக்கும். லைக்காகூடச் சில லென்ஸ் ஹூட்களுக்குள் சீரிஸ் 7 வட்டை வைக்க இடம் விட்டது.

டிஜிட்டல் கேமராவில் இந்த நிறங்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: வண்ண சென்சாரில் பெரும்பாலும் வீண். சிவப்பு ஃபில்டர் போட்டால் நான்கில் ஒரு புள்ளிதான் உருப்படியாக வேலை செய்யும். 2012இல் வந்த லைக்கா மோனோகுரோம் போல நிறமே அறியாத சென்சார் என்றால் ஃபிலிமில் செய்ததையே மஞ்சள் அங்கும் செய்யும். போலரைசருக்கு இந்தப் பாகுபாடு இல்லை. மிரர்லெஸ் கேமராவில் பழைய நேர்கோட்டு வகை தயக்கமின்றி வேலை செய்யும்.

எனக்குப் பிடித்த கூட்டணி ஒன்று உண்டு. சோவியத் ஜூபிடர்-8 லென்ஸ், சைஸின் சோனாரை ஒட்டி வார்த்தது, வாய் 40.5. அதன்மேல் சீரிஸ் 6 அடாப்டர், அதற்குள் ராச்செஸ்டரின் கே2 வட்டு. ஜெர்மன் கணக்கும் ரஷ்ய மரையும் அமெரிக்க அங்குலமும், கிராய்டனில் வைத்த பெயரும். விளிம்பில் கே2 என்று மட்டும்தான் இருக்கும். மடங்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பகல் வெயிலில் இரண்டு, எஃப்/16இல் எடுக்க நினைத்தது எஃப்/11. குண்டு விளக்கின் கீழ் ஒன்றரை மடங்கே போதும், அங்கே வெளிச்சத்தில் நீலம் ஏற்கெனவே குறைவு.